நான் போகாத டல்லமோர்

அயர்லாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் டல்லமோர் என்ற ஊரிலிருந்து என் தங்கச்சியின் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. "அண்ணை, நீங்கள் நேரில போய் விசாரிச்சிட்டு வாங்கோ" என்றாள் தங்கச்சி. அலுப்பில் நான் போகவில்லை. போய்வந்ததாகச் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் சட்டன் என்ற ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வந்த அன்று, இணையத்தில் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். பழைய கால்வாய், விஸ்கி வடிசாலை, காட்டுக்குள் ஒரு கோட்டை. "சதுப்பு நிலத்தில எரிக்கிறதுக்குக் கரிமண் வெட்டுறதுதான் அங்க பெரிய தொழில். தம்பிக்கும் அதில நிரந்தர வேலை. நான் கண்ணால பார்த்தனான்."

மாப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். சபையில் என் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"அங்கிளுக்கு ஆரோ பழைய கதை சொல்லியிருக்கினம்" என்றான். "கரிமண் வெட்டுறதை நிப்பாட்டிப் போட்டினம். எனக்கு இப்ப வேலை இல்லை. தேடிக்கொண்டிருக்கிறன்."

அவனுடைய தாய் தலையைக் குனிந்துகொண்டார். என் மருமகள் மட்டும் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

புறப்படும்போது வாசலில் என் காதருகே மெல்லச் சொன்னான்: "அங்கிள், ஒருக்கா உண்மையா வாங்கோ. கால்வாய்க் கரையில நடப்பம்."

கல்யாணம் நடந்தது. அவனுக்கு வேலையும் கிடைத்தது. நான் அன்று போகவில்லை என்பதைத் தங்கச்சியிடம் சொல்லும் தைரியம்தான் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.