வானம் திருப்பித் தந்த ஊர்

அம்மா தவறிய வருடம், உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஒரு ஜப்பானியப் படக்கதையை வாங்கினேன். ஆங்கில மொழிபெயர்ப்பு. அட்டை இல்லை.

வானத்தில் மலையளவு ஒரு வாய். கீழே ஆளில்லாத ஊர். பக்கம் புரட்டப் புரட்ட அந்த வாய் மனிதர்களை ஒவ்வொருவராகத் திருப்பி இறக்கிவிடும். கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவாள். இருந்த சில வசனங்களும் முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. எதையும் விளக்காததுதான் அந்த ஓவியரின் பாணி என்று வியந்தேன்.

எங்கள் கருமத்தம்பட்டி வீட்டில், தறி ஓடாத ஞாயிறுகளில் அப்பாவுக்கு அதைச் சொல்வேன்.

"அந்தம்மா ஊடு வந்து சேந்துட்டாளா கண்ணு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

ஒருநாள் அலுவலகத் தோழி புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்க, ஜப்பான் புத்தகமெல்லாம் வலது பக்கமிருந்து படிக்கோணுங்க. நீங்க கடைசியிலிருந்து படிச்சுப்போட்டீங்க!"

திருப்பிப் படித்தேன். சாதாரணக் காலையில் தொடங்கி, அவசரமே இல்லாமல் ஓர் ஊரையே விழுங்கும் கதை. அந்தப் பெண் செருப்பைக் கழற்றவில்லை, மாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"அவிங்க ஊர்ல அப்படியே படிக்கட்டும் அம்மணி. நீ நம்ம பக்கமிருந்து சொல்லு."

இப்போது அப்பாவும் இல்லை. அந்த ஓவியரின் மற்ற கதைகளை முறைப்படி படித்துப் பயப்படுகிறேன். இதை மட்டும் இடது பக்கமிருந்துதான் திறக்கிறேன். கடைசிப் பக்கத்து வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பைத் தேடுகிறேன்.