நாய்க்கும் வெள்ளிக்கிழமை

நோர்பரியில் மூலைக்கடை என்னுடையது. பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிற சாமான் கிடங்கும் என்னுடையதுதான். ஸ்ட்ரெதமில் மகள் இருக்கிற வீட்டின் பின்னறைக்கு, ஏலாது என்று சொன்ன கவுன்சிலோடு விடாமல் நின்று கட்டட அனுமதி எடுத்தவனும் நான்தான். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்தேன். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய வெற்றி ஒன்று உண்டு. பதினொரு வயதில் ஒரு நாய்க்குட்டியின் வயிற்றைச் சரிப்படுத்தினேன். அதற்குரிய பேரை மட்டும் இன்றுவரை வைரவர் சாமி வைத்திருக்கிறார்.

அப்போது என்னை யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி நோர்பரிக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மாமாவுக்குப் பெற்றோல் ஸ்டேசனில் வேலை. கூட வேலை செய்த ஒருவன் கொடுத்தான் என்று ஒருநாள் கோட்டுக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வந்தார். மாமிக்கு நாய் பிடிக்காது. ஆனாலும் வைரவரின் வாகனம் வாசலுக்கு வந்துவிட்டால் திருப்பி அனுப்ப அவவுக்குத் துணிவில்லை. எனக்கோ, அந்த ஊரில் என்னிடம் ஆங்கிலம் எதிர்பார்க்காத ஒரே சீவன் அதுதான்.

குட்டி நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமை வந்தால் மட்டும் வீட்டுக்காரரின் வெளிர்நிறக் கார்ப்பெற்றில் வயிற்றால் போனது. சாப்பாடு சரியில்லை என்று மாமா உடனே வேறு பை வாங்குவார். ஒருமுறை, மலிவு என்று, பெரிய நாயின் படம் போட்ட மூட்டையைத் தூக்கி வந்தார். பிறகு டின். சாப்பாடு மாற மாற வயிறு இன்னும் கெட்டது. வீட்டுக்காரர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

"இன்னொருக்கா கார்ப்பெற்றில போச்செண்டால் குட்டி திரும்பிப் போகும்" என்றார் மாமா. "இல்லாட்டி நாங்கள் போகவேண்டி வரும்."

கடைசியாக ஒரு பை வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார். நாய்ச் சாப்பாட்டுக் கடையில் நின்ற பெண்ணிடம், எனக்குத் தெரிந்த நாலு சொல்லாலும் மிச்சத்தைக் கையாலும் சொன்னேன். அவள் குட்டிகளுக்கென்றே கோழியில் செய்த சாப்பாட்டை எடுத்துத் தந்தாள். பழையதையும் புதியதையும் கலந்து, நாளுக்கு நாள் புதியதைக் கூட்டவேண்டும் என்று கையால் காட்டினாள். பிறகு விரலை ஆட்டி, "நோ சேஞ்ச்" என்றாள். சில்லறை இல்லை என்கிறாள் என்று நினைத்து, மிச்சக் காசை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவள் பின்னால் ஓடிவந்து காசைக் கையில் திணித்து, பையைத் தட்டி, மறுபடியும் "நோ சேஞ்ச்" என்றாள்.

பாதி வழியில்தான் விளங்கியது. மாற்றாதே என்றிருக்கிறாள். அப்படியே தெருவில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் கிழமைதோறும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாமி வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. அன்றைக்குக் குட்டிக்கும் பருப்புச் சோறும் பாலும்தான்.

பழையதையும் புதியதையும் பால்மா டின் மூடியால் அளந்து கலந்து கொடுத்தேன். வியாழன் வரை கார்ப்பெற்றில் ஒன்றுமில்லை. வெள்ளி காலை மாமி முன்னால் போய் நின்றேன்.

"மாமி, இண்டைக்கும் இதைத்தான் குடுக்கோணும்."

"உனக்கென்ன விசரோ? வெள்ளிக்கிழமை இந்த வீட்டுக்குள்ள மச்சம் வராது. மனிசருக்கும் இல்லை, நாய்க்கும் இல்லை."

"மனிசருக்குச் சனிக்கிழமை வயித்தால போறேல்லையே, மாமி."

பேப்பருக்குப் பின்னால் மாமா சிரித்தார். "பெடியன் கேக்கிறது நியாயம்தானேயப்பா."

"நீங்கள் பேப்பரைப் பாருங்கோ."

நான் விடவில்லை. "வீட்டுக்குள்ளதானே வரக்கூடாது? வெளியில வைக்கிறன்."

மாமி என்னையும் குட்டியையும் மாறிமாறிப் பார்த்தா. "திண்டு முடிய அதின்ர வாயையும் காலையும் கழுவோணும். கழுவாமல் உள்ள விடமாட்டன்."

பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே கோப்பையை வைத்த உடனே மழை பிடித்தது. ஊறிப்போனால் குட்டி தின்னாது. நான் கோப்பையின் மேல் குனிந்து முதுகால் மழையைத் தடுத்தேன். திடீரென்று முதுகில் மழை நின்றது. மாமி பக்கத்தில் நின்றா. குடை எங்கள் மேல், முகம் வேலிப்பக்கம், சேலைத் தலைப்பு மூக்கில். அவவின் மற்றத் தோள் நனைந்துகொண்டிருந்தது. வாயும் காலும் கழுவுகிறேனா என்று காவல் பார்க்க வந்திருக்கிறா என்றுதான் நான் நினைத்தேன்.

சனிக்கிழமை கார்ப்பெற் சுத்தம். அடுத்த சனியும் சுத்தம். மாமி கோயிலுக்குப் போய் வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வந்தா. "நேர்ந்தனான், பலிச்சிட்டுது" என்று அன்று சொல்லத் தொடங்கியவ இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது மகள் ஸ்ட்ரெதம் வீட்டுக்கு ஒரு குட்டி வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே கூடுகிறோம். மாமியும் வருவா, வைரவர் கதையும் வரும். வெள்ளிக்கிழமை விரதக்காரி ஒருத்தி கோழி மணக்கும் கோப்பைக்கு மேல் குடை பிடித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தப் பதினொரு வயதுக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. ஆகவே வைரவரின் பேரைச் சொல்லட்டும். குடையையும் கட்டாயம் சொல்லட்டும், அதை அவ ஒருநாளும் சொல்வதில்லை. ஆனால் அந்தக் குடைக்குக் கீழே, கோப்பைக்குப் பக்கத்தில், நனைந்த முதுகோடு நான் இருந்தேன். இந்த ஞாயிறு அதையும் நானே சேர்த்துச் சொல்லவேண்டும்.