இருமாத வண்டி

மலைமேல் ஆலத்தூர் நாட்டு ஊர்களில் செல்லமுத்துவின் மினி லாரிக்கு ஹாரனே வேண்டாம். கடைசி வளைவில் அது இருமுகிற சத்தம் கேட்டால் போதும், பலாப்பழமும் மிளகு மூட்டையும் லோடு ஏற ரோட்டோரம் வந்துவிடும். வீட்டில் மனைவி கண்ணாயி களிக்கு உலை வைத்துவிடுவாள்.

ஆனால் மனுசனுக்கு அந்த இருமல்தான் மானக்கேடாக இருந்தது. ஏர் பில்டர் மாற்ற முள்ளுக்குறிச்சிக்கு இறங்கியபோது, மெக்கானிக் சுரேந்தர் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று வண்டிக் கம்பெனியின் காகித பில்டர். மற்றது வெளி அயிட்டம், சிவப்பாகக் கூம்பு மாதிரி இருந்தது.

"கம்பெனிது மலைத்தூசியத் தாங்குமுங்க. இருமலு மட்டும் போவாது. இந்தச் செவப்பு இருமாது, நல்லா சீறுமுங்க."

"சீறுமா!" என்றார் செல்லமுத்து. தூசி அவர் காதில் ஏறவே இல்லை. சிவப்பை மாட்டிக்கொண்டு சாயங்காலம் மலையேறினார். மறுநாள் சந்தை. அன்றைக்கே லோடு சேர்த்தாக வேண்டும்.

ஒவ்வொரு வளைவிலும் வண்டி 'உஸ்' என்றது. அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. முதல் ஊரில் ஒரு பலாப்பழம்கூட ரோட்டுக்கு வரவில்லை. பையும் குடையுமாக ராசாமணி ஓடிவந்து கையை நீட்டினாள்.

"பஸ்ஸு இல்லியா? பின்ன எதுக்கு சாமி பஸ்ஸாட்டம் உஸ்ஸுங்கற? ஒத்தக்கால் செருப்போட ஓடியாந்தேன்!"

"எம்பட வண்டிங்க அக்கா."

"உம்பட வண்டி இருமுமே!"

அடுத்த இரண்டு ஊரிலும் இதே கூத்துதான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். போதாக்குறைக்கு, பின்னாலேயே இருமிக்கொண்டு வந்தது, அவரைப் போலவே லோடு அடிக்கிற சதீஷ்குமாரின் ஓட்டை லாரி. செல்லமுத்துதான் வருகிறார் என்று மூன்று ஊர்ப் பலாவும் ரோட்டுக்கு வந்து அதில் ஏறிவிட்டது. அவருக்கு வயிறு எரிந்தது.

எரிகிற வயிற்றோடு வீட்டுக்குப் போனால், அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

"நீங்க வந்தது தெரியலீங்க," என்றாள் கண்ணாயி. "ஏதோ பஸ்ஸு போவுதுன்னு இருந்துட்டேன்."

அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. ஊர் ஏமாந்தால் போகட்டும், கட்டினவளுக்குமா தெரியாது?

விடிந்ததும் காலி வண்டியோடு சுரேந்தரிடம் போய் நின்றார்.

"இதக் கழட்டு கண்ணு. கம்பெனிதே மாட்டு."

"ஏனுங்க, பவரு பத்தலீங்களா? அது போட்டா மறுக்கா இருமுமுங்க."

"இருமட்டும். இதுல பவரெல்லாம் இருக்குது," என்றார் செல்லமுத்து. "நாந்தான் இல்ல."