அண்ணிக்கு நான் சொன்ன முடிவு

அண்ணன் எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. தூரமாக ஒன்றும் போய்விடவில்லை. எங்கள் ஊர் காஜா பெராங்கிலேயே, பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிவிட்ட சிட்டி குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டோடு இருந்தார். போகும்போது அம்மாவின் வளையல் இரண்டை எடுத்துப் போனதால் அப்பாவுக்கு அவர் திருடன். மறுவருஷம் அம்மா இறந்தபோதுகூட அப்பா ஆள் அனுப்பவில்லை. பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில் வேலையிலிருந்தவர் யார் சொல்லியோ கேள்விப்பட்டு ஓடிவருவதற்குள், சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். அன்று வாசலோடு போனவர்தான். அவர் இருந்த வீடு பத்து நிமிஷ நடைதான். நான் தினமும் உலை வைக்கும்போது அவருக்கும் சேர்த்தே அரிசி போட்டுவிட்டு, மிஞ்சிய சோற்றைப் பார்த்து அழுவேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொண்டாட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு டவுனுக்கு ஒரு தமிழ்க் கொள்ளைப் படம் வந்தது. நகைக்கடைக்காரரின் மகனே ஒரு கூட்டாளியோடு சேர்ந்து அப்பாவின் கடையில் கன்னம் வைக்கிறான். படம் முழுக்க இருட்டும் மழையும் சிகரெட் புகையும்தான். அப்பா முதல் வாரமே பார்த்துவிட்டு வந்தார்.

"மகனைப் பெத்த அப்பன் கையாலயே சுட்டுட்டான். சரியான முடிவு," என்றார். நான் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன்.

அப்பாவுக்குத் தெரியாமல் அண்ணியை அதே படத்துக்குப் பகல் ஆட்டம் கூட்டிப் போனேன். அண்ணி வீட்டில் சாமியெல்லாம் நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்னால் இருந்தவர் இரண்டு தரம் திரும்பி முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டேன்.

கடைசியில் அந்த அப்பா துப்பாக்கியை நீட்டி, 'நீ என் மகனே இல்லை' என்றார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்கிறார் என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "வீட்டுக்கு வாடாங்கிறார்," என்றேன். திரை இருண்டு, வெடிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரைச் சுட்டார் என்று அண்ணி கேட்டார். "கூட்டாளியை," என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே!

போகிக்கு முந்தின நாள் காலையில் அண்ணி எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். போகியன்று அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். மாமியாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க வந்திருந்தார். புருஷனைக் கேட்டால் அழுகிறாராம்.

"நீங்களும் வரணும் மாமா," என்றார் மலாயில். "அந்தப் படத்துல திருடின மகனையே அப்பா வீட்டுக்குக் கூப்பிட்டாரே. தங்கச்சிதான் சொன்னா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"பெத்துல்," என்றார் அண்ணியிடம். உண்மைதான், அப்படித்தான் முடிகிறது என்றார். அம்மாவுக்கு மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு பிடிக்கும், நாளைக்கு வருகிறேன் என்று அவனிடம் சொல் என்றார்.

அண்ணி தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனார். அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"நீ சொன்ன படத்துல, மகன் வர்றப்ப அம்மா உசுரோட இருக்காளா?"

அத்தனை பொய் சொன்ன எனக்கு, அந்த ஒன்று மட்டும் வாயில் வரவில்லை.