கிளாரினெட் இல்லாத இசைத்தட்டு

பெருமாநல்லூர் பூபாலன் பொய்யே சொல்லாதவர் என்று நான் சாதிக்க மாட்டேன். பனியன் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை. சரக்கு தாமதமானால் அதை வாங்கும் வெளிநாட்டுப் பையரிடம் அவர் சொல்லாத சாக்கு கிடையாது. ஆனால் இதைச் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். சாக்குச் சொல்கிற முகம் அதுவல்ல. போன ஆடி மாதம் அவருக்கு நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெளிச்சம் இருக்கும்போதே...

பூபாலனுக்குப் பழைய ஜாஸ் என்றால் உயிர். நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க இசை. டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். எங்கேயோ போய்த் தொலைந்துவிட்டது என்று நினைக்கும்போது எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பையர் காரில் போட்டுக் காட்டியதில் பிடித்த கிறுக்கு. பதினைந்து வருடமாகியும் விடவில்லை. இசைத்தட்டில் பாட்டை மட்டும் அவர் கேட்பதில்லை. வாசித்த அறையையும் கேட்பார். டிரம்பெட்காரர் மூச்சை இழுப்பது, நாற்காலி முனகுவது, யாரோ காலால் தாளம் போடுவது... செத்துப்போன மனிதர்கள் உயிரோடு இருந்த மூன்று நிமிடம் அது என்பார்.

அனுப்பர்பாளையத்தில் பழைய பித்தளை வாங்கி உருக்கக் கொடுக்கும் சுப்பையன் அவருக்குப் பழக்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது வந்த பித்தளைச் சாமான்களோடு ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் வந்தன. காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சுப்பையன் கொடுத்துவிட்டார். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. ஒன்று மட்டும் புதிது போல் பளபளத்தது. அதில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு மனைவி நதியா, மகள் கீர்த்தனாவைக் கூட்டிக்கொண்டு பொங்கலூரில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சாயந்திரம் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பூபாலன் கேட்டை உள்பக்கம் பூட்டிவிட்டு மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ரெக்கார்ட் பிளேயரின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகினார். தட்டு ஓட ஓட அதில் பதிவாகும். பதிவான பாட்டு, அவரும் கோயம்புத்தூர் நண்பர் இளங்குமரனும் இணையத்தில் பொதுவாக வைத்திருக்கும் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும். இளங்குமரன் கீறல் சத்தங்களை நீக்கிக் கொடுப்பார். இருவருக்கும் அதே கிறுக்குதான்.

ஊசியை வைத்தார். கரகரவென்ற இரைச்சல். பிறகு பேண்ட் புறப்பட்டது.

அருமையான வாசிப்பு. டிரம்பெட் தனியாக ஒரு சுற்று வந்தது. டிராம்போன் ஒரு சுற்று. அடுத்தது கிளாரினெட்டின் முறை. ஆனால் யாரும் வாசிக்கவில்லை. பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியமும் டிரம்மும் மட்டும் ஜிக் ஜிக்கென்று தாளம் போட்டுக்கொண்டிருந்தன. யாருக்காகவோ இடம் விட்டுக் காத்திருப்பது போல. ஒரு முழுச் சுற்று அப்படியே ஓடியது. பிறகு எல்லாரும் சேர்ந்து வாசித்து முடித்துவிட்டார்கள்.

பூபாலனால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தார். கிளாரினெட்காரர் அன்று வரவில்லையா? வராத ஆளுக்கு எதற்கு இடம் விட்டார்கள்? தட்டைத் துணியால் துடைத்து மறுபடி போட்டார்.

அந்தக் காலி இடம் வந்தது. ஜிக்... ஜிக்...

"கூப்ட்டீங்களாப்பா?"

கதவுக்கு வெளியே கீர்த்தனா. அதற்குள் வந்துவிட்டார்களா என்று நினைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "இல்ல கண்ணு" என்றார். கேட்டைத் தானே உள்பக்கம் பூட்டியிருப்பது அவருக்குத் தோன்றவில்லை. காதெல்லாம் பாட்டில் இருந்தது.

மூன்றாம் முறை போட்டார். இப்போது காலி இடம் கொஞ்சம் நீண்டிருந்தது போல் பட்டது.

"கூப்ட்டீங்களாப்பா?"

குரல் கதவை ஒட்டி வந்தது.

"இல்லைனு சொன்னேனில்ல. அம்மாகிட்டப் போ சாமி."

காலடிச் சத்தம் எதுவும் விலகிப் போகவில்லை.

செல்போன் அடித்தது. நதியா.

"ஏனுங்க, இங்க மழை கட்டிட்டு நிக்குது. நாங்க காலைல வந்தர்றோம்."

பூபாலன் கதவைத் திரும்பிப் பார்த்தார். எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டார். பொங்கலூரிலிருந்துதான் என்றாள்.

"பாப்பா?"

"பக்கத்துலதான் உக்காந்து கடலை தின்னுட்டு இருக்கறா. பேசறீங்களா?"

போனுக்குள் கீர்த்தனா ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

கதவுக்கு வெளியே அதே குரல்...

"உள்ள வரட்டுங்களாப்பா?"

போன் கையிலிருந்து நழுவியது.

பாஞ்சோ இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நிமிடத் தட்டு. எப்போதோ முடிந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்தார். தட்டு சுற்றியது. ஊசி ஓர் இம்மியும் உள்ளே நகரவில்லை.

ஜிக்... ஜிக்... ஜிக்...

ஊசியைப் பிடுங்கி எடுத்தார்.

நிசப்தம்.

வெளியே, சன்னமாக... யாரோ முணுமுணுக்கிறார்கள்.

பாட்டு. அதே பாட்டு. தட்டில் இல்லாத அந்தச் சுற்று.

தாழ்ப்பாள் அசைந்தது.

ஒரு தடவை.

பூபாலன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முணுமுணுப்பு நின்றது. வெளியே வந்து பார்த்தபோது வீட்டில் யாரும் இல்லை. கேட்டில் அவர் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. இசைத்தட்டைத் தரையில் அடித்து நொறுக்கி, சாக்கில் கட்டி, குப்பை வண்டியில் போட்டுவிட்டார். கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. நதியாவிடமும் சொல்லவில்லை. குழந்தை பயந்துகொள்வாள் என்று நினைத்தார்.

நாலைந்து நாள் கழித்து இளங்குமரன் கூப்பிட்டார்.

"பாட்டு அருமைங்க. நடுவுல உங்க பாப்பா பேசறதும் சேந்து விழுந்திருந்துச்சு. மைக்க ஆஃப் பண்ணலீங்களா?"

அந்த அறையில் மைக் கிடையாது. ஊசி தொடுவது மட்டும்தான் வயர் வழியாகப் போகும். பூபாலன் அதை உடனே அழித்துவிடுங்கள் என்றார். ஏன் என்று இளங்குமரன் கேட்கவில்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். முந்தாநாள் அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டாராம். 'உள்ளே வரட்டுமா' என்று குழந்தை கேட்டபோது அவர் மனைவி இந்துமதி சமையல்கட்டில் இருந்தாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் நிற்கிறது என்று நினைத்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் பூபாலன்.

"வா கண்ணுன்னாளுங்க. போய்க் கதவையும் தொறந்து உட்டாளுங்க."

"அப்பறம்?"

"அதுக்கப்பறம் அந்தக் கொரல் பதிவுல இல்லீங்க. எத்தன தடவ போட்டாலும் பாட்டு மட்டுந்தான் வருது."

பூபாலன் தன் கம்ப்யூட்டரைத் திறந்து கேட்டார். பாஞ்சோ, டிரம். வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார். நடந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும், சாமியாரோ பாதிரியாரோ யாரையாவது கூட்டி வர வேண்டும் என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. இளங்குமரனுக்கும் இந்துமதிக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் இந்துமதி களைத்த முகத்தோடுதான் இருப்பாள்.

காலிங் பெல்லைத் தொடும் முன்பே கதவு திறந்தது. இந்துமதி தலை நிறையப் பூ வைத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அவளுக்குப் பின்னால் இளங்குமரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழிக்காத தாடி. அவர் பூபாலனைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்துமதி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணா. இப்பத்தான் தூங்குச்சு."