மாமி உட்கார்ந்து பேசிய கூட்டம்

எனக்கு இரண்டு இடங்களில் வேலை. அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில், முதியோரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே ஆள் அனுப்பும் சிறு நிறுவனம். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறோம். அதற்கு முன்னால் பதினான்கு வருடம் ஒரகடத்தில் ஒரு கார் நிறுவனத்தில் சஸ்பென்ஷன் இன்ஜினீயராக இருந்தேன். ரேஸ் வேலை சனி, ஞாயிறுகளில் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. முதியோர் வேலை, மேற்கு மாம்பலத்தில் அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது நம்பி விட்டுப்போக ஓர் ஆள் கிடைக்காத எரிச்சலில் ஆரம்பித்தது. இரண்டையும் ஒருத்தியே ஏன் நடத்துகிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. இரண்டும் எனக்கு வரும், அவ்வளவுதான்.

இரண்டு வேலையும் ஒரு தடவை ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டன. அது மயிலாப்பூரில் ஒரு மாமி விஷயத்தில்.

கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், எட்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடத்தின் முதல் மாடியில் மாமி இருந்தார். எண்பத்திரண்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் வெளிநாட்டில். முதுகெலும்பு இடப்பக்கமாக வளைந்து, முன்புறமும் கூனிப்போயிருந்தது. எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் பத்து நிமிடத்தில் வலி தாங்காமல் படுக்க வேண்டியிருக்கும். அதனால் நாள் முழுக்கக் கட்டில்தான்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள எங்கள் நிறுவனத்துப் பெண் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவள். அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கு வருவாள். ஏழு மணிக்கு வர வேண்டியவள் ஏழே முக்காலுக்கு வருவாள். எங்கள் செயலியில் அவள் பெயருக்கு எதிரே வாரத்தில் நான்கு நாளாவது சிவப்புப் புள்ளி இருக்கும். நான் இரண்டு முறை எச்சரித்திருந்தேன்.

மாதத்துக்கு ஒரு தடவை எல்லா வீடுகளுக்கும் நானே போய்ப் பார்ப்பது வழக்கம். அப்படிப் போனபோது மாமி கட்டிலில் படுத்தபடி ஒரு கத்தைக் காகிதத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதற்கான ஒப்பந்தத்தின் நகல்.

"நீ கார் பண்றவளாமே?" என்றார். பார்த்துக்கொள்ளும் பெண் சொல்லியிருக்கிறாள்.

"ரேஸ் கார் தயார் பண்றோம் மாமி."

"அதுல ஓட்டறவன் எத்தனை நாழி ஒக்காந்திருப்பான்?"

பந்தயத்தைப் பொறுத்தது என்றேன். சிலதில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும்.

"குலுங்கிண்டே?"

"குலுங்கிண்டேதான்."

அவர் காகிதத்தை மார்பின் மேல் வைத்தார். போன மாதம் கட்டடக் கூட்டம் அவருக்காக அவர் வீட்டிலேயே நடந்ததாம். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வீட்டுக்காரர்கள் சங்கச் செயலாளர் செல்போனில் மகனை வீடியோவில் கூப்பிட்டுக் கையில் பிடித்துக்கொண்டார். பேச்சு முழுவதும் போனோடுதான் நடந்தது. மாமி இரண்டு முறை ஏதோ கேட்டார். "சரி மாமி, சரி மாமி" என்றார்கள்.

"படுத்துண்டு பேசினா யாரும் காது குடுக்க மாட்டா. அடுத்த மீட்டிங் நாலு வாரத்துல. நேக்கு ஒக்காரணும்," என்றார்.

ரேஸ் காரில் ஓட்டுநரின் சீட்டை அவர் உடம்புக்கென்றே வார்ப்பார்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, அதன் மேல் ஆளை உட்கார வைத்தால், அது ஃபோமாகப் பொங்கி முதுகின் ஒவ்வொரு பள்ளத்தையும் நிரப்பி, கால் மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். அப்படி ஒரு சீட்டில் உடம்பின் பாரம் ஓரிடத்தில் விழாமல் பரவும். மாமிக்கும் அப்படியே செய்யலாம் என்று தோன்றியது. எங்களோடு பழகிய பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். சற்றுப் பின்னால் சாய்ந்த மாதிரி வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை உடம்பைத் தூக்கி விட்டால் முயன்று பார்க்கலாம் என்றார்.

கொட்டகையில் என் தலைமை மெக்கானிக் பட்டினப்பாக்கத்துக்காரர். நான் ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவர். விஷயத்தைச் சொன்னதும், "இன்னா மேடம், அந்தம்மா ரேஸ் ஓட்டப் போவுதா?" என்றார். பிறகு ஒரு வீல்சேரின் அடிப்பாகத்தை எடுத்து வெல்டிங் வேலையைத் தொடங்கினார்.

பொங்கும்போது அந்த ஃபோம் சூடாகும். ஓட்டுநர்கள் தடித்த தீத்தடுப்பு உடையில் இருப்பதால் அவர்களுக்குத் தெரியாது. நான் சாதாரணப் பருத்தி உடையோடு முதலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒத்தடம் கொடுத்த மாதிரி இதமாகவே இருந்தது. மாமியின் முதுகுக்கு இரண்டு டவல் போதும் என்று முடிவு செய்தேன். எண்பத்திரண்டு வயதுத் தோல் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் நடத்துகிற நான் யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மாமியின் ஹாலில் வைத்து ஊற்றினோம். ஃபோம் பொங்கியது. மெக்கானிக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். மாமி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நிமிடத்தில், பார்த்துக்கொள்ளும் பெண் டவலுக்கு அடியில் கையை விட்டாள்.

"மேடம், சூடு ஏறிகினு கீது."

"கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்."

"கொஞ்சம் இல்ல மேடம். தூக்குங்க," என்றவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாமியின் அக்குளுக்கடியில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள்.

இடது விலாவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. மறுநாள் இரண்டு கொப்புளங்கள்.

"சுட்டா சொல்லியிருக்கலாமே மாமி," என்றேன்.

"சொன்னா நீ நிறுத்திடுவே."

டாக்டரை வரவழைத்துக் காட்டினேன். மகனுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"ரேஸ் காருக்குப் பண்றதை எங்கம்மா மேல டெஸ்ட் பண்ணீங்களா?"

"ஆமாம்," என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் அதுதான் விஷயம்.

அந்த மாதத்தோடு எங்கள் ஆளை நிறுத்திவிடச் சொன்னார். நியாயம்தான் என்று நினைத்தேன். ஆனால் மாமி மகனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பிறகு பார்த்துக்கொள்ளும் பெண்தான் எனக்கு அதைச் சொன்னாள். "சுட்டது என் முதுகு, வேண்டாம்னா நான்தான் சொல்லணும்" என்றாராம். மகன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நிறுத்தவும் இல்லை.

கொப்புளம் ஆற ஒன்பது நாள் ஆயிற்று. நான் அந்த யோசனையையே விட்டிருந்தேன். மெக்கானிக் விடவில்லை. ஒரு மத்தியானம் டீ குடிக்கும்போது ஆரம்பித்தார்.

"ஆள வெச்சு ஊத்தனதுதான் தப்பு மேடம். அச்ச மட்டும் எடுத்துக்குவோம். அந்தம்மாவ படுக்க வெச்சிட்டு, இங்க வந்து ஊத்திக்கலாம்."

"அச்சு எப்படி எடுக்கறது?"

"பை நெறைய தெர்மாகோல் குண்டு போட்டு, அது மேல சாய வெச்சு, காத்த உறிஞ்சிட்டா கல்லு மாதிரி ஆயிடும். சூடே கெடையாது."

அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய முறை. ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்பதற்கு, கையில் இருந்த ஃபோமைப் பயன்படுத்த நினைத்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அந்த வார இறுதியில் எங்களுக்கு ஒரு பந்தயம் இருந்தது. நான் மெக்கானிக்கை நான்கு நாட்களுக்குக் காரிலிருந்து எடுத்து இந்த வேலைக்கு விட்டேன். எங்கள் ஓட்டுநர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. கார் முடிந்தவரை தயாரானது. பதினொன்றாவதாக வந்தது.

இந்தத் தடவை மாமியைத் தெர்மாகோல் பையில் சாய்த்தபோது, எவ்வளவு நேரம், எப்போது எழுப்புவது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடமே விட்டேன். அவள் பம்பு சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட சாயுங்கம்மா. தோள் தொங்குது பாருங்க." நான்கு நிமிடத்தில் முடிந்தது. கெட்டியான பையை மெக்கானிக் குழந்தையை எடுத்துப் போவதுபோல் ஆட்டோவில் மடியில் வைத்துக் கிண்டிக்குக் கொண்டுபோனார். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி மாமியின் முதுகைப் போலவே ஒன்று செய்து, அந்தப் பிளாஸ்டர் முதுகின் மேல் ஃபோமை வார்த்தார். மேலே மெத்தென்று ஒரு அடுக்கு ஒட்டினார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு மாமி அதில் உட்கார்ந்தார். முதல் நாள் இருபத்தைந்து நிமிடம். அடுத்த நாள் ஐம்பது. மூன்றாம் நாள் உட்கார வேண்டாம், ஓய்வெடுக்கட்டும் என்றாள் அந்தப் பெண்.

கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. மாமி என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஏழு வீட்டுக்காரர்கள், கட்டப்போகிற நிறுவனத்தின் இன்ஜினீயர், செயலாளரின் கையில் வழக்கம்போல் செல்போன். எல்லாரும் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தார்கள். பிறகுதான் ஜன்னலுக்குப் பக்கத்தில், கோடு போட்ட பருத்திப் புடவையில், மடியில் காகிதக் கத்தையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் ஒக்காருங்கோ," என்றார் மாமி. நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன.

அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்ன முதல் விஷயமே இடிக்கச் சம்மதம் என்பதுதான். குழாயெல்லாம் அழுகிப்போய்விட்டது, மழைக்காலத்தில் சுவர் ஊறுகிறது, இன்னும் எத்தனை நாள் ஒட்டுப்போடுவது என்றார். பிறகு காகிதத்தைப் புரட்டினார்.

"பக்கம் பதினாலு. லிஃப்ட். ஆறு பேர் போறதுன்னு போட்டிருக்கேள். உள்ள ஆழம் எத்தனை?"

இன்ஜினீயர் வரைபடத்தைப் பார்த்தார். "நாலரை அடி மேடம். எல்லா பில்டிங்லயும் போடறதுதான்."

மாமி என் பக்கம் திரும்பினார். "ஸ்ட்ரெச்சர் எத்தனை நீளம்?"

"ஆறரை அடி இருக்கும் மாமி."

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் போறச்சே நான் எப்படி இறங்கறது? நின்னுண்டா?"

யாரோ சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. பெரிய லிஃப்ட் போட்டால் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் இடம் குறையும் என்று செயலாளர் சொன்னார். போனிலிருந்து மகனின் குரல் வந்தது. "அம்மா, அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா."

"மீட்டிங் நடந்துண்டிருக்கு. நீ அப்பறம் பேசு," என்றார் மாமி. செயலாளர் போனை என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

கட்டி முடியும் வரை வயதானவர்கள் எங்கே இருப்பது என்பது அடுத்த கேள்வி. தெரிந்த டாக்டர், தெரிந்த கடை, இதையெல்லாம் விட்டு எங்கோ போய் இருக்க முடியாது, அருகிலேயே தரைத்தள வீடு பார்த்துத் தருவதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்றார். மூன்றாம் மாடியில் இருந்த ஒரு ரிட்டயர்டு பேங்க்காரர் அதுவரை வாயே திறக்காதவர். "எனக்கும் அதேதான் வேணும். மாடி ஏற முடியலை," என்றார். அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி போயிற்று.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளும் பெண் பின்னாலிருந்து வந்து மாமியைச் சற்றுத் தூக்கி உட்கார வைத்தாள். அந்த நேரங்களில் எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி ஆள் போனதும் மாமியின் முகம் வெளிறிவிட்டது. அன்று முழுவதும் படுக்கையை விட்டு அசையவில்லை.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் கீழே வாசல் கேட் வரை வந்தாள்.

"எங்கள ஆத்தோரத்துலேர்ந்து தூக்கனப்போ இன்னா வேணும்னு யாரும் கேக்கல மேடம்," என்றாள். புகாராகச் சொல்லவில்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள். "கேட்ருந்தா பஸ்ஸு வேணும்னு சொல்லிருப்பேன்."

அலுவலகம் போய் அவள் நேரத்தை எட்டு மணிக்கு மாற்றினேன். மாமிக்கு அதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். முன்பே ஏன் கேட்கவில்லை என்று அவள் என்னைக் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு கூட்டங்கள் நடந்து எல்லாம் ஒப்பந்தத்தில் ஏறியது. மாமி இப்போது மந்தைவெளியில் தரைத்தள வீட்டில் இருக்கிறார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் உட்காருகிறார். அதன் பிறகு வேறு நான்கு பேருக்கு இதே மாதிரி சீட் செய்தோம். மூன்று பேருக்குச் சரியாக வந்தது. பெசன்ட் நகரில் ஒரு பெரியவர் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு, இதில் கால் மேல் கால் போட முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமைதோறும் மாமி கட்டட இன்ஜினீயருக்குப் போன் செய்து வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டு, மற்ற ஏழு வீட்டுக்காரர்களுக்கும் வரிசையாகச் சொல்லிவிடுகிறார். போன திங்கட்கிழமை நான் அங்கே இருந்தேன். ஐந்தாவது வீட்டுக்காரர் எடுக்கவில்லை. "மறுபடி பத்தரைக்குப் போடு," என்று பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்.