மீசை வைத்த சக்களத்தி

போன திங்கட்கிழமை புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என்னையே பார்த்தார். அப்புறம் கிட்டே வந்தார்.

“நீங்க கும்மிடிப்பூண்டி டைப் மாஸ்டர் ஊட்டம்மா தானே?”

ஆமாம் என்றேன்.

“எங்க அண்ணன் பொண்ணு அங்கதான் கத்துக்குது. சாருக்கு இன்னா பொறுமை, இன்னா பொறுமைன்னு சொல்லி மாஞ்சு போவுது. எழுத்தே வராத ஆளைக்கூடப் பக்கத்துல ஒக்கார வெச்சுக்கினு சொல்லிக் குடுக்குறாராமே. ஒரு வார்த்தை கோவமா பேச மாட்டாராமே. குடுத்து வெச்சவங்க நீங்க.”

நான் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பொறுமையா? என் வீட்டுக்காரருக்கா? சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் வீட்டை இரண்டாக்குகிறவர் அவர். நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால், ‘சரி, முடிவைச் சொல்லு’ என்று கேட்கிறவர். அந்த அம்மாள் சொன்ன பொறுமை நிஜம்தான். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அத்தனையும் வீட்டு வாசல் பக்கம் இருக்கும் டைப் இன்ஸ்டிடியூட்டிலேயே செலவாகிவிடும். பின்கட்டில் இருக்கும் எனக்கு வந்து சேர்வது மிச்சம் மீதிதான்.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேனே... எனக்கு ஒரு சக்களத்தி வந்திருந்தாள். மீசை வைத்த சக்களத்தி. பெயர் முனுசாமி. வயது நாற்பதைத் தொடும்.

முனுசாமிக்கு ஊர் ஆரம்பாக்கம். இந்த எழுபதுகளில் நெடுஞ்சாலை ஓரமாகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன அல்லவா, அதில் ஓர் இரும்புக் கம்பிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. லாரியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாரம் தூக்காத லோடுமேனை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்?

மேனேஜர் கொஞ்சம் ஈரமுள்ள மனிதர். “லாரியில் போகிற சரக்குக்கு டெலிவரி சலான் டைப் அடிக்க ஓர் ஆள் வேண்டும். மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டு வா, நானே டெஸ்ட் வைக்கிறேன். அடித்துவிட்டால் ஆபீசில் உனக்கு நாற்காலி. அடிக்காவிட்டால் கணக்கை முடித்துக்கொள்” என்றிருக்கிறார். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். நிலம், நீச்சு எதுவும் கிடையாது. அந்த நாற்காலி கிடைத்தால்தான் அடுப்பு எரியும்.

ஆனால் முனுசாமிக்கு எழுத்து வராது. எட்டாவது வரை எப்படியோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். மக்கு என்று பெயர் வாங்கி, பெஞ்சு மேல் ஏறி நின்று, வெயிலில் முட்டி போட்டுப் படிப்பு முடிந்திருக்கிறது. பேசிப் பார்த்தால் மக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை கேட்ட கணக்கு மறக்காது. காகிதத்தைப் பார்த்தால்தான் வம்பு.

“எழுத்தெல்லாம் ஒரு எடத்துல நிக்க மாட்டேன்துமா. ‘பி’ன்னு பாப்பேன், கண்ண மூடித் தொறந்தா ‘டி’யா நிக்குது. ஒரு வரி பட்ச்சுக்கினே இருப்பேன், பாத்தா அடுத்த வரியில கீறேன்.”

இந்த மாதிரி ஆள் கிடைத்துவிட்டால் என் வீட்டுக்காரருக்கு வேறு என்ன வேண்டும்? ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மற்ற பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு தனிப் பாடம். முனுசாமி தப்பாக அடிப்பார். இவர், “பரவாயில்ல, இன்னொரு வாட்டி பாக்கலாம்” என்பார். மறுபடி தப்பு. மறுபடி ‘பரவாயில்ல’. நான் உள்ளே அரிசி களைந்துகொண்டு அந்தப் ‘பரவாயில்ல’க்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்?

நானும் டைப் கற்றவள்தான். கல்யாணமான புதிதில், மத்தியானத்தில் மெஷின்கள் சும்மா இருக்கும் நேரத்தில், அவர் சொல்லித் தருவார், பக்கத்தில் உட்காருவார் என்ற ஆசையில்தான் ஆரம்பித்தேன். விரல் வைக்கும் முறையைக் காட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து ஒரு பக்கம் அடித்துக் காட்டினேன். மேலிருந்து கீழே பார்த்தார். “தப்பே இல்லையே” என்றார். அடுத்த மெஷினுக்கு ரிப்பன் மாற்றப் போய்விட்டார்.

அதோடு என் பாடம் முடிந்தது. சட்டென்று புரிந்துகொள்கிறவர்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளையை வாத்தியார் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். தானாக வருகிறவர்களுக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது என்று யாருக்குத் தோன்றுகிறது?

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மிச்சமிருந்ததை எடுத்தார். நல்ல கெட்டி அட்டை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. பிளேடால் அதன் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினார். பாடத்தின் மேல் அட்டையை வைத்து நகர்த்தினால் ஒரு சமயத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். மற்ற வரிகள் மறைந்துவிடும். முனுசாமியின் கண் தாவாது.

யோசனை நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வெட்டிய இடம் எது? மணமகள் பெயர் இருந்த இடம். மாப்பிள்ளை பெயர், படிப்பு, பட்டம் எல்லாம் பத்திரமாக இருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை... அது வழியாக முனுசாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, வேற அட்டையே கிடைக்கலையா?”

“இதுதான் கெட்டியா இருந்தது” என்றார். அவ்வளவுதான்.

வயிறு எரிந்தது. இதற்கு வேறு நாகரிகமான வார்த்தை தேட எனக்கு விருப்பமில்லை.

டெஸ்ட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது திருவாலங்காட்டில் நாத்தனார் வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் போகாமல் முடியுமா? நாலைந்து நாள் இருந்து வர வேண்டியதாகிவிட்டது. பஸ் ஏறும்போது என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? ஜாக்கிரதையாக இரு, கதவைத் தாழ் போட்டுக்கொள், இப்படி எதுவும் இல்லை. “முனுசாமியப் பாத்துக்க” என்றார்.

பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். அதிகாலையில் எழுவதன் நன்மைகள் பற்றிய ஆங்கிலப் பாடத்தை முனுசாமி பிரித்தார். இரண்டு மாதமாக அதே பாடம்தான். ஜன்னல் அட்டையை நகர்த்தி நகர்த்தி, எழுத்து எழுத்தாகத் தட்டினார். மெஷினில் வரி முடிகிற மணி அடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் புத்தகம் இந்த ஜென்மத்தில் முடியாது. முடியாவிட்டால் இந்த ஆள் நாற்காலிக்குப் போக மாட்டார். போகாவிட்டால் என் சாயங்காலம் எனக்குத் திரும்பி வராது. ஆக, முனுசாமி பாஸாகியே தீர வேண்டும். அவர் பெண்டாட்டி பிள்ளைகளைவிட நான் அதற்கு அதிகமாக வேண்டிக்கொண்டிருப்பேன்.

புத்தகத்தை மூடினேன்.

“கம்பெனியில இந்தப் பாடமா அடிக்கப் போறீங்க?”

“இல்லம்மா. சலான்தான். டெலிவரி, பண்டில், ராடு, லோடு, லாரி நம்பர்... தெனமும் அதேதான்.”

“அப்ப அதை மட்டும் கத்துக்குங்க.”

“சார் ஆர்டராத்தான் போவணும்னாரே?”

“சார் ஊர்ல இல்ல.”

பார்த்து அடிக்காமலிருக்க மெஷினின் எழுத்துகளுக்கு மேலே நிற்கும் தகர மறைப்பை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். அவருக்குக் கண்தானே எதிரி? காது பழுதில்லையே. ‘டெலிவரி’க்கு எழுத்துகளைச் சொன்னேன். வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொன்னார். சொல்லிக்கொண்டே விரலை அமுக்கச் சொன்னேன். ‘டி’ என்றால் இடது கை நடுவிரல், இருந்த இடத்திலேயே. ‘பி’ என்றால் ஆள்காட்டி விரல் கீழே இறங்க வேண்டும். பார்த்தால் குழம்புகிற எழுத்துகள் வாயில் குழம்பவில்லை, விரலில் குழம்பவில்லை. நாற்பது வயது மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ராகம் போட்டுத் தட்டுவதைப் பார்த்து, தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் ‘பரவாயில்ல’ சொல்லவில்லை. தப்பு வந்தால், “மறுபடி” என்பேன். சரியாக வந்தால், “அடுத்தது” என்பேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது முனுசாமி ஒரு முழு சலான் அடித்துக் காட்டினார். இவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “புத்தகம் எங்கே?” என்று கேட்டார். பாராட்டா அது? நீங்களே சொல்லுங்கள். ஆனால் மிச்சமிருந்த நாட்களில் அவரும் சலானையே தொடர்ந்தார்.

போன வெள்ளிக்கிழமை டெஸ்ட். அவரும் கூடப் போனார். திரும்பி வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. அது முனுசாமிக்காகவா, எனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வந்து சொன்னார். மேனேஜர் கையெழுத்தில் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார். முனுசாமி பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டு போயிருக்கிறார். நடுவில் சரக்கு போகிற ஊர்ப் பெயர் ஒன்று. நாங்கள் இருவரும் சொல்லித் தராத, கேள்விப்படாத வடநாட்டு ஊர். கை நின்றுவிட்டதாம். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். முனுசாமி சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய அட்டையை எடுத்து, சீட்டின் மேல் வைத்து, பாதி ஜன்னலை விரலால் மறைத்து, எழுத்து எழுத்தாக முணுமுணுத்து அடித்து முடித்திருக்கிறார். மேனேஜர் காகிதத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம்.

“மெதுவாத்தான் அடிக்கிறான். ஆனா சரியா அடிக்கிறான். முனுசாமி, திங்கக்கெழமை வந்து ஒக்காரு.”

இவர் அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முனுசாமி குடும்பத்தோடு வந்தார். பெண்டாட்டி கையில் பழவேற்காட்டு இறால். முனுசாமி கையில் மாலை. மாலை நேராக என் வீட்டுக்காரர் கழுத்தில் போய் விழுந்தது. “சார் இல்லன்னா என் குடும்பம் நடுத்தெருவுல” என்று காலைத் தொட்டார். நான் காபித் தட்டோடு நின்றேன். சாருக்குப் பொறுமை, சாருக்குப் பொறுமை... பெண்டாட்டியும் அதையே சொன்னாள். சலான் யோசனை யாருடையது என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாலை போட்டுக்கொண்டவரும்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர்களோடு இன்னோர் ஆளும் வந்திருந்தார். லாரி கிளீனர். வாசலிலேயே தயங்கி நின்றார்.

“இவனும் என்ன மாரிதான் சார். எழுத்து நிக்காது. லைசென்சு எடுக்கணும்ன்றான், போர்டு படிக்க வர்ல” என்றார் முனுசாமி.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. கழுத்தில் மாலையோடு அப்படியே ஸ்டூலை இழுத்தார்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இவன அம்மாவாண்ட உட்றேன்.”

இழுத்த ஸ்டூல் பாதியில் நின்றது. ஏன் என்று இவர் கேட்டார்.

“சாராண்ட ஒக்காந்தா, தப்புப் பண்ணாலும் பரவாயில்ல, தெனமும் வந்துக்கினே இருக்கலாம்னு தோணுது சார். அம்மா மூஞ்சியப் பாத்தா, சீக்கிரம் கத்துக்கினு ஓடிடணும்னு தோணுது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது சுட்டது. இந்த மனிதருக்குக் காகிதத்தில் இருப்பதுதான் படிக்க வராது போலிருக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து கிளீனருக்கு நான்தான் பாடம். இந்தத் தடவை பேருந்துப் பலகையில் இருக்கிற ஊர்ப் பெயர்களிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் பாடம் நடக்கும்போது என் வீட்டுக்காரர் மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். மெஷினுக்குப் போடுகிற எண்ணெய்க் குப்பியைத் தேடுகிறாராம்.

குப்பி அவர் கையில்தான் இருந்தது.